விடுப்பில் இருக்கும் நில அளவர்

1

ஒரு படிவத்தின் இரண்டு கட்டங்களில் தொடங்கியது இது. முந்தைய பணி தொடங்கிய நாள், முந்தைய பணி முடிந்த நாள். முதலாவதை யோசிக்காமல் நிரப்பினேன். இரண்டாவதற்குக் கீழே, பணியிலிருந்து விடுவித்த ஆணையின் நகலை இணைக்கவும் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

பின்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சிறிய நகரத்துக்கு நான் வந்து இந்த ஆகஸ்டோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டு மேற்படிப்பு, ஓராண்டு ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. அதே அலுவலகத்தில் நிரந்தர இடம் ஒன்று வந்தது. எனக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஊரில் நான் பார்த்த நான்கு ஆண்டு அரசு வேலையை அனுபவமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பர் கடைசிக்குள் ஆணையின் நகல் வந்தால் குடியிருப்பு அனுமதியும் நீளும். வராவிட்டால் டிசம்பரில் பெட்டி கட்ட வேண்டும்.

ஊரில் நான் நிலம் அளந்தேன். இங்கேயும் நிலம்தான் அளக்கிறேன். ஆனால் இங்கே நான் அளக்கும் நிலம் முன்பு இருந்ததில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளம் உருகிப் போய்விட்டது. அழுந்திக் கிடந்த தரை இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. கடல் பின்வாங்க, புது நிலம் வெளியே வருகிறது. முதலில் பாறை, பிறகு நாணல், பிறகு புல். அது நிலம்தான் என்று முடிவான பிறகு நாங்கள் போய் அளந்து வரைபடத்தில் சேர்க்கிறோம்.

என்னோடு வேலை செய்யும் ஹென்ரிக்குக்கு அறுபது வயது. முதல் மாதம் அவரை 'சார்' என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் தன் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் நாணலுக்குள் நின்று அவரிடம் கேட்டேன், "இந்தப் புது நிலத்துக்கு யார் அடித்துக்கொள்வார்கள்?"

அவர் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். "கரைக்காரர்கள் எல்லோரும் கூட்டம் போடுவோம். யார் காபி போடுவது என்பதில் போன தடவை கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது."

நான் சிரித்தேன். பிறகு அன்று முழுவதும் எனக்கு ஏதோ சரியில்லாமல் இருந்தது.

2

பழைய அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து அங்கே வரைவாளராக இருக்கும் ராஜேஸ்வரி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். வயல்வெளியில் நான் எடுத்துவரும் அளவுகளைப் புலப்படமாக வரைந்து கொடுப்பது அவர் வேலை. நான்கு ஆண்டுகள் எதிரெதிர் மேசையில் இருந்தவர்கள் நாங்கள்.

"என்ன தமிழு, எப்ப வந்து ஜாயின் பண்ணப் போற?"

"ஜாயினா? நான்தான் ரிசைன் பண்ணிட்டேனேக்கா."

"எப்ப?"

"போன வருஷம் ஜூலையில. அப்பா கொண்டாந்து குடுத்தாரே."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "உங்கப்பா வந்தாரும்மா. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை வந்தாரு. எனக்கு அவிச்ச கடலை வாங்கிட்டு வந்தாரு. ஆனா குடுத்தது ராஜினாமா இல்ல. லீவு நீட்டிக்கச் சொல்லி மனு. மொத மனுவுல மேற்படிப்பு முடியலன்னு போட்டுருக்கு. ரெண்டாவதுல தாயார் படுத்த படுக்கையா இருக்காங்கன்னு."

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையேக்கா."

"அதை நான் கேக்கல. கையெழுத்தைத்தான் பாக்குறேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இது போட்ட கையெழுத்து இல்லம்மா. வரைஞ்ச கையெழுத்து. வரையிறவ எனக்குத் தெரியும்."

நடந்தது இதுதான். படிப்புக்காக இரண்டு ஆண்டு ஊதியமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அது முடியும் நேரத்தில், திரும்பப் போவதில்லை என்று முடிவெடுத்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மையால் கையெழுத்திட்ட கடிதம்தான் செல்லும், நேரில் கொடுத்தால் நல்லது என்று சொன்னார்கள். அதனால் கூரியரில் அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா இரண்டு பஸ் மாறி அலுவலகம் போய்விட்டு வந்து, "குடுத்துட்டேம்மா" என்றார். எதைக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

3

என் பெயர் தமிழரசி. அப்பா நடேசன். குத்தாலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் எங்கள் ஊர். அப்பாவின் அப்பா மேலக்கரை வீட்டு வயலில் பண்ணையாளாக இருந்தவர். அப்பாவும் பாதி வாழ்க்கை அங்கேதான் கூலி வேலை செய்தார். இளைஞராக இருந்தபோது கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போய் ஒரு வாரம் உள்ளே இருந்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால், ஜெயில் சாம்பாரில் உப்பில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

உச்சவரம்புக்கு மேல் இருந்த மேலக்கரை வீட்டு நிலத்தை அரசு எடுத்துப் பிரித்துக் கொடுத்தபோது அப்பாவுக்கு ரெண்டு மா கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கணக்கில் ஒரு மா என்றால் முப்பத்து மூன்று சென்ட். மேடை போட்டு, மாலை போட்டு, பட்டா கொடுத்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பு. நிலத்தை மட்டும் காட்டவில்லை. மேலக்கரை வீட்டார் வழக்குப் போட்டார்கள், தடை வாங்கினார்கள், தடை நீங்கியது, மறுபடி வாங்கினார்கள். காகிதம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. நெல் அவர்கள் வீட்டுக் களத்துக்குப் போனது.

கடைசியாக எனக்குப் பத்து வயதில் ஒரு நில அளவர் வந்தார். மேலக்கரை வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். சேற்றில் சங்கிலி போட்டு அளந்தார்கள். சங்கிலியை இழுத்துப் பிடிக்கவில்லை. அது நடுவில் தொய்ந்து கிடந்தது. தொய்ந்த சங்கிலியில் அளந்தால் நிலம் குறையும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ தவறு என்று தெரிந்தது. 'கல்லு எங்க இருந்துச்சு?' என்று அவர் கேட்டது மேலக்கரைப் பையனிடம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். ரெண்டு மா என்று எழுதியிருந்த இடத்தில் ஐம்பத்தோரு சென்ட் கிடைத்தது.

நடவுக்கு முன் எங்கள் பக்கத்தில் வரப்பு கழிப்பார்கள். மண்வெட்டியால் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி, புல்லை எடுத்து, சேற்றை அள்ளிப் பூசுவார்கள். பொது வரப்பை இரண்டு பக்கத்துக்காரர்களும் கழிப்பார்கள். ஒருவர் தன் பக்கத்தை ஆழமாகச் செதுக்கிவிட்டு எதிர்ப்பக்கத்தில் சேற்றை அதிகமாகப் பூசினால், வரப்பு ஒரு சாண் நகர்ந்துவிடும். யாரும் திருடியதாகச் சொல்ல முடியாது. கழித்தார்கள், அவ்வளவுதான். நட்ட பிறகு அறுவடை வரை யாரும் வரப்பில் கைவைக்க மாட்டார்கள். எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் மேலக்கரை வீட்டு வயல். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் நடவுக்கு முந்தைய ஒரு வாரம் அப்பா சரியாகச் சாப்பிட மாட்டார்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, தேர்வெழுதி, நில அளவர் ஆனேன். எங்கள் தெருவில் முதல் அரசு வேலை. என்னோடு பயிற்சி எடுத்த ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கம் வேலைக்கு வந்தார். அவரிடம் சொன்னேன். ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வந்து, சங்கிலியை இழுத்துப் பிடித்து, பட்டாவில் உள்ளபடி அளந்து கல் நட்டார். எண்பது மீட்டர் நீளம். ரெண்டு மா. மேலக்கரைப் பையன் (இப்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல்) ஓரமாக நின்று, "மேடம் அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். அளந்தது நான் இல்லை.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சரியான அளவுதான் கிடைத்தது. ஆனால் சரியானது என்பதால் கிடைக்கவில்லை. துறையில் ஓர் ஆள் இருந்ததால் கிடைத்தது.

4

அப்படிப்பட்ட வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள்: ஒன்று, மேற்படிப்பு. இரண்டு, வெளிநாட்டு அனுபவம். மூன்று, சம்பளம். எதுவும் பொய்யில்லை. எதுவும் காரணமும் இல்லை.

நான் சேர்ந்தபோது ஒரு கட்சி ஆட்சியில் இருந்தது. அடுத்த ஆண்டு மற்றது வந்தது. அலுவலகத்தில் சுவரில் இருந்த படம் மாறியது. எங்கள் அதிகாரிக்கு எதிரே காலையில் வந்து உட்காரும் உள்ளூர்ப் பிரமுகர் மாறினார். அவர் உட்கார்ந்த நாற்காலி மாறவில்லை. அவர் கொண்டுவந்த மனுவும் மாறவில்லை. ஒரு பாசன வாய்க்காலின் தலைப்பில் பத்து சென்ட் புறம்போக்கு இருந்தது. அதை ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் இருப்பதாகப் புலப்படத்தில் காட்டி நான் கையெழுத்திட வேண்டும்.

"வாய்க்கா அங்கயேதாம்மா ஓடப்போவுது," என்றார் அதிகாரி. நல்ல மனிதர், பெண்களிடம் குரல் உயர்த்திப் பேச மாட்டார். "தண்ணிக்குப் படம் பாக்கத் தெரியுமா?"

"கடைமடைக்காரங்களுக்குத் தெரியும் சார்."

"அவங்க வந்து கேக்கும்போது நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்."

பதினோரு நாள் அந்தக் கோப்பை என் மேசையிலேயே வைத்திருந்தேன். பிறகு காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்தபோது வேறொருவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். என்னை யாரும் மிரட்டவில்லை, இடமாற்றம் செய்யவில்லை, கோபப்படக்கூட இல்லை. அடுத்த கோப்பை வைத்தார்கள். நான் மறுத்ததால் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

எனக்கு அளப்பது பிடிக்கும். அளந்ததை அப்படியே எழுதுவது பிடிக்கும். பூமியின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படிக்க வேண்டும் என்பது பாலிடெக்னிக் காலத்து ஆசை. உதவித்தொகை கிடைத்தது. வந்தேன். இங்கே மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் ஓர் எண்ணை மாற்றச் சொன்னதில்லை. கருவியைக் கரையில் நிறுத்தி, எதிரே யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காத இடத்தில், உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இது நிம்மதி. மனநிறைவு என்றுகூடச் சொல்லலாம். இதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

5

அப்பாவுக்குப் பேசினேன். வாரா வாரம் பேசுகிறோம், ஆனால் வார்த்தைகள் எனக்குப் பழையபடி வருவதில்லை. போன மாதம் 'அங்க வானிலை எப்படிப்பா' என்று கேட்டுவிட்டேன். 'மழை பேஞ்சுதான்னு கேளு. வானிலைன்னா டிவிக்காரங்க கேக்குறது' என்றார்.

இந்த முறை சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, ராஜேஸ்வரி அக்காகிட்ட பேசுனேன்."

"எந்த ராஜேஸ்வரி?"

"நீங்க கடலை வாங்கிக் குடுத்தீங்களே, அந்த ராஜேஸ்வரி."

"பஸ் வருதும்மா. அப்புறம் பேசவா?"

"பஸ் எங்கப்பா வருது? பின்னாடி நம்ம வீட்டுக் கோழி கத்துது."

கோழி இன்னொரு முறை கத்தியது. அப்பா தொண்டையைச் செருமினார். "கடுதாசி பத்திரமாத்தான் இருக்கு. பட்டாவோட சேத்து வச்சிருக்கேன்."

"ஏம்ப்பா குடுக்கல?"

"குடுக்கத்தான் போனேன். தாலுக்காபீஸ் வாசல்ல மனு எழுதுறவருகிட்ட, இது எங்க குடுக்கணும்னு கேட்டேன். அவரு படிச்சுப் பாத்துட்டு, ஏன்யா, கைக்கு வந்த கவர்மெண்ட் வேலையை நீயே கொண்டுபோய்க் குடுக்குறியாங்குறாரு. லீவு நீட்டிக்கலாமே, அஞ்சு வருஷம் வரைக்கும் இழுக்கலாமேன்னாரு. அவரே டைப் அடிச்சாரு."

"கையெழுத்து?"

"நான்தான் போட்டேன். நீ கையெழுத்துப் போட்ட புலப்படம் ஒண்ணு வீட்டுல இருந்துச்சு. அதைப் பாத்து ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகுனேன்." கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவர் குரல். "எங்கப்பன் வச்சது கைநாட்டு. நான் சர்வேயர் கையெழுத்தே போட்டுட்டேன்."

அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "என்னைப் படுத்த படுக்கையா எழுதியிருக்காரும்மா உங்கப்பா. அன்னைக்கு நான் நூறு நாள் வேலையில ஏரிக்கரையில மண்ணு சுமந்துட்டிருந்தேன்."

"அப்பா, இது குத்தம். தெரிஞ்சா கேஸாயிடும்."

"தெரிஞ்சாத்தானே."

"எதுக்குப்பா இதெல்லாம்?"

இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "நீ போன மறு மாசம் மேலக்கரையான் கேட்டான். பொண்ணு வேலையை விட்டுடுச்சாமேன்னு. இல்லப்பா, லீவுல போயிருக்கு, கவர்மெண்ட்டே படிக்க அனுப்பியிருக்குன்னேன். சரி சரின்னு போயிட்டான். அந்த வருஷம் வரப்பு கழிக்கும்போது அவன் ஆளு கல்லுக்கு இந்தப் பக்கம் மம்பட்டியைக் கொண்டாரல. அதுக்கப்புறமும் கொண்டாரல. எனக்குப் பயந்தா? எனக்கு எவன் பயந்தான், சொல்லு?"

நான் படிவத்தை எடுத்து எதிரே வைத்துக்கொண்டேன்.

"நீ அங்க எதை வேணாலும் அள. இங்க லீவுல இரு. உனக்கு அதுல என்ன கஷ்டம்?"

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். செப்டம்பர் கடைசி என்று சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"நடவு முடியட்டும். அப்புறம் நீ என்ன வேணா எழுதிக் குடு. நட்டுட்டா அறுப்பு வரைக்கும் கவலை இல்ல. அதுக்குள்ள ஏதாவது பண்ணிக்கலாம்."

"நடவு எப்ப?"

"தண்ணி இன்னும் கடைசி வரைக்கும் வரல. ஐப்பசி ஆயிடும்."

ஐப்பசி என்றால் அக்டோபர் பாதிக்கு மேல்.

6

மறுநாள் மதியம் அலுவலக உணவறையில் உட்கார்ந்து எழுதினேன்.

அ) ராஜினாமா செய்யலாம். ஆணை கிடைக்கும், வேலை கிடைக்கும். துறையில் எங்களுக்கு ஆள் இல்லாமல் போகும்.

ஆ) திரும்பப் போய்ச் சேரலாம். வரப்பு நிற்கும். மறுபடி அந்த மேசை, அந்தக் கோப்புகள். இம்முறை கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று எனக்குத் தோன்றியது.

இ) இப்படியே விடலாம். அடுத்த மனுவை யாராவது கவனித்தால் அப்பா மாட்டுவார்.

ஈ) அனுபவச் சான்று தர முடியாது என்று இங்கே சொல்லலாம். வேலை வேறொருவருக்குப் போகும்.

உ) அப்பாவையும் அம்மாவையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம்.

கடைசியை எழுதி உடனே அடித்தேன். அவர்கள் வரலாம். ரெண்டு மா வராது.

கெடுவை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று இங்குள்ள பணியாளர் பிரிவில் கேட்டேன். அங்கிருந்த பெண் மிகவும் அன்பாக, முடியாது என்றாள். விதி எல்லோருக்கும் ஒன்று. எண்ணை மாற்றச் சொல்லாத ஊர் இது என்று மகிழ்ந்தவள் நான். தேதியையும் மாற்ற மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு வாரம் யோசித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்தப் பட்டியலை எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன். இல்லாவிட்டால் ராஜினாமாவை முதலாவதாக எழுதியிருக்க மாட்டேன்.

7

இந்த முறை கடிதத்தை நேராக அலுவலகத்துக்கே அனுப்பினேன். நான்கு நாளில் ராஜேஸ்வரி அக்கா கூப்பிட்டார்.

"ஆர்டர் போட்டுடுவாங்கம்மா. ஆனா சூப்பரிண்டெண்ட் ஒண்ணு கேக்குறாரு. லீவு மனுவுல இருக்குற கையெழுத்தும் ராஜினாமாவுல இருக்குறதும் ஒத்துப்போகல. ஆடிட்ல கேப்பாங்க. ரெண்டு மனுவையும் நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பி வச்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா யாரு போட்டதுன்னு விசாரிக்கணும். கொண்டாந்து குடுத்தவரை எல்லாருக்கும் தெரியும்."

எழுதினேன். மேற்படி இரண்டு மனுக்களிலும் உள்ள கையெழுத்துகள் என்னுடையவையே என்று உறுதி கூறுகிறேன். கீழே பெயர், தேதி. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாய்க்கால் தலைப்பில் பத்து சென்ட்டுக்காகப் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவருக்கும் வீட்டில் யாராவது இருந்திருப்பார்கள். அதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆணை செப்டம்பர் இருபத்தாறாம் தேதி மின்னஞ்சலில் வந்தது. படிவத்தின் இரண்டாவது கட்டத்தை நிரப்பினேன். ஹென்ரிக் ஒரு கேக் செய்து கொண்டுவந்தார். எல்லோரும் நின்றபடி சாப்பிட்டு, கை குலுக்கிவிட்டு, மேசைக்குத் திரும்பினோம்.

ஆணையின் இன்னொரு நகல் வழக்கப்படி ஊர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் போனது. இதை நான் மறந்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் இப்படி எத்தனையோ நகல்கள் அனுப்பிய அலுவலகத்தில் இருந்தவள், மறந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் நாற்றங்காலில் இருந்த நேரம் தபால்காரர் வந்திருக்கிறார். மேலக்கரை வீட்டுக்காரரின் உரக்கடையில் உட்கார்ந்து, நடேசன் மகளுக்கு அரசு முத்திரை போட்ட கவர் வந்திருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது, எங்கே போனார்கள் என்று விசாரித்திருக்கிறார். மறுநாள் அப்பா குத்தாலம் தபால் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். தன் கையெழுத்தைத்தான் போட்டதாகச் சொன்னார்.

"அவரு கடையில கவரைப் பத்திக் கேட்டாராப்பா?"

"கேட்டாரு. பொண்ணு வேலை என்னாச்சுன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"அங்கயே பெரிய வேலையா கெடைச்சிருக்குன்னேன். நல்லதுன்னு சொன்னாரு. ரொம்ப நல்லதுன்னாரு."

8

நவம்பர் முதல் வாரம் இங்கே முதல் பனி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவுக்குப் பேசினேன். அங்கே பிற்பகல் மூன்று மணி. நடவு முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

"கல்லு?"

"கல்லு இருந்த இடத்துலதாம்மா இருக்கு. அதை யாரு தொடப் போறா?"

"வரப்பு கழிச்சாச்சா?"

"ஆச்சு ஆச்சு. அவங்க ஒரு நாள் முன்னாடியே ஆள் விட்டுக் கழிச்சுட்டாங்க. நல்லா புதுசாப் போட்டுருக்காங்க. அழகா இருக்கு பாக்க."

அம்மாவின் சத்தம் இல்லை. வழக்கமாகப் பின்னாலிருந்து ஏதாவது சொல்வாள்.

"நாத்து எத்தனை கட்டுப்பா ஆச்சு?"

"வழக்கம்போல அறுபது கட்டு பறிச்சோம். மூணு கட்டு மிஞ்சிப்போச்சு. நம்ம தெரு ராசு, வயலுக்குப் பத்தலைன்னான், குடுத்துட்டேன். இந்த வருஷம் நாத்து நல்லா வந்துருந்துச்சும்மா. ஒவ்வொரு கட்டும் கனம். அதான் மிஞ்சிடுச்சு."

கல் நட்ட ஆண்டிலிருந்து எங்கள் ரெண்டு மாவுக்கு அறுபது கட்டு நாற்றுதான் பிடிக்கிறது. கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அப்பாவின் கட்டு ஒவ்வொன்றும் ஒரே அளவாக இருக்கும். அறுபதில் மூன்று, இருபதில் ஒரு பங்கு. அறுபத்தாறு சென்ட்டில் மூன்றே கால் சென்ட். எண்பது மீட்டர் நீள வரப்பில் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். மனத்தில் போட்ட கணக்குத்தான். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

"தமிழு, இருக்கியா?"

"இருக்கேன்ப்பா."

"மிஞ்சுனதுனாலதான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும்ப்பா. நாத்து நல்லா வந்தா மிஞ்சத்தான் செய்யும்" என்றேன்.